ஒருவரும் கைதட்டாத கூடம்

எங்கள் வீட்டில் மூன்று பேர். அதில் இரண்டு பேருக்கு வாய் ஓயாது. நாங்கள் வந்து குடியேறிய இந்த வெள்ளைக்காரர் நாட்டில், அப்டன் பார்க்கில், என் கணவர் மரக்கறிக்கடை வைத்திருக்கிறார். முருங்கைக்காய் வாங்க வந்தவரிடம் ஊர் எது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், முழங்கால் வலி எப்படி என்று எல்லாம் விசாரித்த பிறகுதான் பையைக் கையில் கொடுப்பார். நான் அவருக்கு ஒரு படி மேல். குட்மேய்ஸில் எங்கள் தெருவின் ஒரு முனையில் நான் கதைக்கத் தொடங்கினால் மறுமுனையில் யன்னல் திறக்கும் என்பார் அவர். சொல்லிவிட்டுப் போகட்டும். மூன்றாவது ஆள் எங்கள் மகள். அவளுக்குப் பேச்சுத் திக்கும்.

முதல் எழுத்து வாசலிலேயே நின்றுவிடும். அவள் கண்ணை மூடுவாள், தோள் மேலே ஏறும், வாய் அந்த எழுத்தின் வடிவத்திலேயே நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு எங்களால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? "த..." என்று அவள் தொடங்குவாள். "தண்ணியோ? தயிரோ? தலையிடிக்குதோ?" என்று நாங்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லை எடுத்துக் கொடுப்போம். அவள் களைத்துப்போய் எதற்காவது தலையாட்டுவாள். தண்ணீர் கேட்ட பிள்ளை தயிரைச் சாப்பிட்டுவிட்டுப் போன நாட்களும் உண்டு. கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டால், அவள் வாயைத் திறக்கும் முன்னமே நான் சொல்லிவிடுவேன். எல்லாச் சொல்லிலும் அவளுக்குக் கடினமான சொல் அவளுடைய பெயர்தான்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒருமுறை அவளைப் பேச்சுப்போட்டியில் சேர்த்தோம். மேடையில் ஏறி "பெருமதிப்பிற்குரிய" என்பதில் 'பெ'யோடு நின்றுவிட்டாள். அறிவிப்பாளர் நல்ல மனிதர். பிள்ளை பாவம் என்று மைக்கை வாங்கி மிச்சத்தைத் தானே சொல்லி, "பிள்ளைக்கு ஒருக்கால் பலமாக் கைதட்டுங்கோ" என்றார். மண்டபமே தட்டியது. நானும்தான் தட்டினேன். வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திய பிள்ளை அடுத்த நாள்தான் வெளியே வந்தாள். அந்தக் கைதட்டலை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்மணிதான் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்தும் ஒரு பள்ளியைப் பற்றிச் சொன்னார். கிங்ஸ்பரியில் இருக்கும் என் பெரியம்மா ஃபோனிலேயே குதித்தார். "வேதக்காரற்ற பள்ளிக்கூடமோ? பிள்ளையை வேதத்துக்கு மாத்திப்போடுவினம், சொல்லிப்போட்டன்!" என் கணவருக்கு வேறு கவலை. "பரிசளிப்பு விழா இல்லையாம், முதலாம் பிள்ளை ரெண்டாம் பிள்ளை இல்லையாம். ரீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிடுதுகளாம். பிறகென்ன பள்ளிக்கூடம்?" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது எனக்கும் நெஞ்சில் இடித்தது. ஆனாலும் சேர்த்தோம். எங்கள் பிள்ளை சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

காலையில் வழிபாட்டுக்கென்று எல்லாரும் கூடத்தில் நாற்காலிகளைச் சதுரமாகப் போட்டு உட்காருவார்கள். மேடை இல்லை, மைக் இல்லை, படமோ சிலையோ இல்லை. பேச்சும் இல்லை. முதல் தடவை போய் உட்கார்ந்தபோது யாரோ செத்துப்போனார்கள் என்றே நினைத்தேன். பிறகு, சே, எங்கள் ஆட்களின் செத்தவீட்டில்கூட இவ்வளவு அமைதி இருக்காதே என்று நினைத்தேன். சொல்ல ஏதாவது மனதில் வந்தால், பெரியவரோ சின்னப்பிள்ளையோ, எழுந்து நின்று சொல்லலாம். சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். அதற்கு ஒருவரும் பதில் சொல்வதில்லை, கைதட்டுவதில்லை. மறுபடியும் மௌனம்.

அந்தப் பழக்கம் வகுப்புக்குள்ளும் போயிருந்தது. ஒரு பிள்ளை பேசத் தொடங்கினால் அது முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். பெற்றோர் கூட்டமும் அப்படித்தான். சைக்கிள்களை எங்கே நிறுத்துவது என்ற விஷயத்துக்கு அவர்கள் கதைத்த கதை! வாக்கெடுப்பு வைப்பதில்லை என்பது அங்கே சட்டம். கையைத் தூக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடியுமே என்று எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் சொன்ன இடத்தில் ஒரே ஒரு தாய்க்கு உடன்பாடில்லை. அவர் சொல்லி முடித்து, மனம் ஆறி, "சரி" என்று சொல்லும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. என் பிள்ளை சரியான இடத்தில்தான் இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பள்ளியில் சாப்பிட்ட மேசையை அவள் துடைத்தாள், முறை வந்தால் கோப்பை கழுவினாள், மெல்ல மெல்லச் சிரிக்கவும் தொடங்கினாள். திக்குவது மட்டும் போகவில்லை. "அம்மா, அங்க எல்லாரும் வெ... வெயிட் பண்ணுவினம்" என்று ஒருநாள் சொன்னாள். அதைச் சொல்லி முடிக்கும் முன் நான் 'வெயிட்'டை எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்பதையும் மறைப்பானேன்.

ஆரம்பப் பிரிவை முடிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுக் கடைசியில் ஒரு மௌனக் கூட்டம் நடக்கும். பெற்றோரும் வருவார்கள். விரும்பிய பிள்ளை எழுந்து ஏதாவது சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் மகள் சொன்னாள்: "நான் எ... எழும்பிக் கதைக்கப்போறன்."

எனக்கு உடனே தமிழ்ப் பள்ளி மண்டபம்தான் கண்ணுக்குள் வந்தது. "நான் பக்கத்தில இருக்கிறன், குஞ்சு. திக்கினா மெல்லமா எடுத்துத் தாறன்" என்றேன்.

"வேண்டாம். நீங்கள் ஒண்டும் சொல்லக் கூடாது. அ... அப்பாவும்தான்."

"திக்கினாலும்?"

"திக்கினாலும். நானே மு... முடிக்கவேணும்." அவள் கண் கலங்கியிருந்தது. சத்தியம் செய்து கொடுத்தேன்.

மறுநாள் கணவர் கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு, கலியாணத்துக்குப் போடும் கோட்டோடு வந்தார். அங்கே மௌனமாக இருப்பார்கள் என்று நான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் என்றைக்கு நான் சொல்வதைக் கேட்டிருக்கிறார்? எல்லாரும் உட்கார்ந்தார்கள். அமைதி. கொஞ்ச நேரம் பொறுத்தவர் என் காதோடு, "என்னப்பா, ஒருத்தரும் துவங்கேல்லை? பிரதம விருந்தினர் வரேல்லையோ?" என்றார். "சும்மா இருங்கோ" என்று தொடையில் கிள்ளினேன். இன்னும் கொஞ்ச நேரம் போனது. யாரையாவது கேட்டுவிட்டு வருவோம் என்று மனுசன் விருட்டென்று எழுந்துவிட்டார்.

அந்தக் கூடத்தில் எழுந்து நின்றால் பேசப்போகிறார் என்றுதான் அர்த்தம். கூடம் முழுவதும் அவருக்காகக் காத்திருந்தது. ஐயோ, அந்த முகத்தைப் பார்க்கவேண்டும்! வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. முருங்கைக்காய்க்குக் கதை சொல்கிற மனுசனுக்குச் சொல் வரவில்லை. நெற்றி வேர்த்தது, தோள் மேலே ஏறியது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் அவருக்குச் சொல் எடுத்துக் கொடுக்கவுமில்லை. எதிர் வரிசையிலிருந்து மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "எப்போது தொடங்கும் என்று கேட்கத்தான் எழுந்தேன். மன்னியுங்கள். என் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள். நன்றி" என்று சொல்லிவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். மறுபடி அமைதி. எல்லாம் முடிந்த பிறகு, தேநீர் நேரத்தில் ஒரு வயதான அம்மா, "உங்கள் கேள்வி இன்னும் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் கொண்டுபோன மரக்கறி றோல்ஸை வாயில் வைத்தபடி என் கணவர் பெரிய ஞானி போலத் தலையாட்டினார்.

அது பிறகு நடந்தது. கூடத்தில் அவர் உட்கார்ந்து சிறிது நேரத்தில் மகள் எழுந்தாள். அவள் உதட்டில் இன்னும் அப்பாவைப் பார்த்த சிரிப்பு இருந்தது. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். இடையிடையே நின்றாள், மூச்சு எடுத்தாள், தொடர்ந்தாள்.

"முதல் நாள் இங்கே என் பெயரைக் கேட்டீர்கள். என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அவசரம் இல்லை என்றீர்கள். இன்றைக்குச் சொல்கிறேன்."

கண்ணை மூடினாள். முதல் எழுத்தில் வாய் நின்றது. எனக்கு அந்தப் பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. எத்தனை பெயர்களைப் பார்த்து, கழித்து, சண்டை பிடித்து நான் தெரிந்தெடுத்த பெயர் அது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் அவர் என் கையைப் பிடித்து நெரித்தார். அவருடைய உதடும் அந்த எழுத்தில்தான் நின்றது. கூடத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. கடவுளே, கடவுளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னாள். முழுவதையும் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஒருவரும் கைதட்டவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பெயரை வைத்தவள் நான். அவள் வாயால் அதை முழுதாக அன்றைக்குத்தான் கேட்டேன்.