தனகோடியின் முதல் மரக்கால்

பிரம்மதேசம் மேற்குத் தெருவில் தனகோடியின் குரலைக் கேட்காமல் விடிந்த நாள் குறைவு. நடவானாலும் அறுப்பானாலும் காலை ஐந்து மணிக்கு அந்தக் குரல் தெருமுனையில் கிளம்பிவிடும்.

"ஏ மாரி, இன்னுமா தூங்கற? உன் புருஷன் டீ போட்டுக் குடிச்சா கை தேஞ்சிடுமா? எழுந்து வாடி!"

பதினான்கு பெண்கள் அவள் பின்னால் நடப்பார்கள். இந்தக் கூட்டத்துக்குத் தலைவி என்று யாரும் அவளுக்குப் பட்டம் கட்டவில்லை. யார் வயலில் எப்போது இறங்குவது, எந்த நிலத்துக்காரர் சோற்றில் கை வைக்கலாம், யாருடைய மோரை வாயில் வைக்க முடியாது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடம் அப்படி ஓடியது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நெல்லைத் தூற்றிக் குவித்ததும், நிலத்துக்காரர் வீட்டுக்கு ஒரு நெல்மணி போவதற்கு முன்னால், அளக்கிற முதல் மரக்கால் நெல், அறுத்தவர்களுக்கு. அது கூலியில் சேராது. ஒரு வருடம் ராஜவேல் என்கிற பெரிய நிலத்துக்காரர், "கூலி குடுத்தாச்சே, அப்புறம் என்ன மரக்கா?" என்று கேட்டுவிட்டார். தனகோடி நெல் குவியலுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"நெல்லு உங்களுது, ஒத்துக்கறேன். அறுத்த கை எங்களுது. கை முதல்ல சாப்பிடட்டும், அப்புறம் நீங்க சாப்பிடுங்க."

மத்தியான வெயில் உச்சிக்கு ஏறும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ராஜவேலே மரக்காலை எடுத்துவந்து அளந்து கொட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை ஊரில் யாரும் கேட்கவில்லை.

அவள் புருஷன் வெங்கடாசலம் சவுக்கு வெட்டப் போன தோப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தபோது, ஒரே மகள் சிவசங்கரிக்கு ஒன்பது வயது. அழுவதற்குக்கூட அவகாசம் இல்லை. பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் நடவு இருந்தது. கண்ணீர் சேற்றில் விழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நட்டாள். அறுத்தாள். நடவு இல்லாத மாதங்களில் மரக்காணம் உப்பளத்துக்குப் போய்ப் பாத்தி மிதித்தாள். மகளைப் படிக்க வைத்தாள்.

காலம் அவளைக் கேட்டுக்கொண்டு மாறவில்லை. கூட்டத்தில் இருந்த இளம்பெண்கள் ஒவ்வொருத்தியாகச் செருப்புக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போனார்கள். சிவசங்கரியும் போனாள். சிலர் நூறு நாள் வேலை, சிலர் உப்பளம். பதினான்கு பேர் நாலு பேரானார்கள். அந்த இடத்துக்கு வங்காளத்துப் பையன்கள் வந்தார்கள். எட்டெட்டுப் பேராக வந்து, கயிறு கட்டி, பின்பக்கமாக நகர்ந்துகொண்டே ஒரு நாளில் இரண்டு ஏக்கர் நட்டுவிட்டுப் போனார்கள். ஊர்ப் பயிரெல்லாம் அவர்கள் கையால்தான் வேர் பிடித்தது. ஊரார் சோறு தின்றார்கள். நட்டவன் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. எல்லோரும் அவர்களை 'இந்திக்காரனுங்க' என்றார்கள்.

தனகோடிக்கு வயிறு எரிந்தது.

போன ஐப்பசியில் ராஜவேலின் வயலில் அவர்கள் நட்டுக்கொண்டிருந்தபோது, மிச்சம் இருந்த நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வரப்பில் போய் நின்றாள்.

"எங்க வயித்துல அடிக்கறதுக்கு ரயிலேறி வந்தீங்களாடா?" என்று கத்தியவள், அவர்கள் கட்டியிருந்த நடவுக் கயிற்றைப் பிடுங்கி வாய்க்காலில் வீசினாள். அந்த எட்டுப் பேரில் மூத்தவன் நிமாய். நாற்பது வயது இருக்கும். வாய்க்காலில் இறங்கிக் கயிற்றைத் தேடி எடுத்தான். தண்ணீரைப் பிழிந்தான். மறுபடி கட்டினான்.

அதோடு விட்டாளா? மத்தியானம் அவர்கள் கைகால் கழுவப் பக்கத்தில் இருந்த அவள் குத்தகை வயலின் மோட்டாருக்கு வந்தபோது, கண் எதிரிலேயே சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போது தை மாதம். பொங்கல் முடிந்து ஒரு வாரம்.

கழுவேலி ஏரி ஓரத்தில் தனகோடி குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு ஏக்கரும் பழுத்துச் சாய்ந்து நின்றது. போன வருடம் இதே நிலத்தில் கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துப்போயிருந்தது. வருடம் முழுக்க ரேஷன் அரிசிதான் உலை ஏறியது. இந்த நெல்லும் போனால் குத்தகையை விட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஒரு நிலத்தில் 'என் வயல்' என்று சொல்லிக்கொண்டு நிற்பது அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் சொல்லிவிட்டார்கள். செவ்வாய் சாயங்காலத்திலிருந்து கனமழை.

அறுவடை மிஷின் ஏற்பாடு செய்கிற சதீஷ் வண்டியோடு வந்தான். வரப்பைத் தாண்டி நாலு முழம் போயிருக்கும், வண்டி வயிறு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்து எடுப்பதற்குள் பத்து மணி.

"அக்கா, கோச்சிக்காத. இது வயலே இல்ல, அல்வா. இன்னொருவாட்டி எறக்கினா வண்டிய விட்டுட்டு நான் மட்டும்தான் வீட்டுக்குப் போவணும்."

"டேய் சதீஷு, நீ போயிட்டா நான் என்னடா பண்றது?"

"கையாலதான் அறுக்கணும். ஆளு இருந்தா பாரு."

ஆள் எங்கே இருக்கிறது? மாரியம்மாள் உப்பளத்தில் இருந்தாள். புதிதாகக் கட்டிய பாத்திகளை மழைக்கு முன்னால் காப்பாற்ற, முதலாளி ஆண் பெண் எல்லோரையும் கரை போட இறக்கியிருந்தார். தனகோடி போன் செய்தபோது, "நானே இடுப்பு ஒடிஞ்சி நிக்கறேன்டி" என்றாள் மாரியம்மாள். கொஞ்சம் நிறுத்தி, "வேணும்னா அந்த இந்திக்காரனுங்களக் கேளு. நீ கயித்த வீசினியே, அவனுங்கதான். நல்லா வருவானுங்க" என்று சிரித்தாள்.

மாரி கிண்டலாகத்தான் சொன்னாள். தனகோடிக்கு வேறு வழியே இல்லை.

ஊருக்கு வெளியே பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் அவர்கள் தங்கியிருந்தார்கள். வாசலில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த நிமாய் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இருபத்திரண்டு வருடம் ஊரைக் கூவி எழுப்பிய குரல், அந்த வாசலில் வெளியே வரவில்லை.

"அறுக்கணும்" என்றாள் கடைசியில். "ஒரு ஏக்கரா. மழ வருது. அன்னிக்கு நான்..."

நிமாய் அவளை முடிக்க விடவில்லை. நாலு வருடத்தில் பழகிய தமிழில் சொன்னான். "அம்மா, அறுப்புக்குக் கயிறு வேணாம். பயப்படாதீங்க."

உள்ளே இருந்த ஏழு பேரும் சிரித்துவிட்டார்கள். தனகோடிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பில் பகை இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை விடிவதற்குள் வயலில் இருந்தார்கள். முழங்கால் வரை சேறு. அட்டை. குனிந்த முதுகு நிமிராமல் எட்டு அரிவாளும் ஒரே சத்தத்தில் போயின. தனகோடியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒன்பதாவதாக இறங்கினாள். அறுப்பில் தன்னை முந்த ஆள் இல்லை என்று நினைத்திருந்தவள், மத்தியானத்துக்குள் மூன்று பேருக்குப் பின்னால் போயிருந்தாள்.

கதிர்க் கட்டுகளை மேட்டுக்குக் கொண்டுபோவதுதான் பெரிய பாடு. இந்தப் பக்கத்தில் கட்டைத் தலையில்தான் சுமப்பார்கள். நிமாய் தோப்பிலிருந்து நாலு சவுக்குக் கழிகளைக் கேட்டு வாங்கினான். கழியின் இரண்டு முனையிலும் கட்டைத் தொங்கவிட்டு, நடுவில் தோள் கொடுத்து, வளைந்து வளைந்து ஆடுகிற கழியோடு ஓட்டமும் நடையுமாக வரப்பில் போனார்கள். ராஜவேலின் சிமெண்ட் களத்தில் கதிர்ப் போர் ஏறிக்கொண்டே போனது.

பொழுது சாய்ந்து அவர்கள் கரையேறியபோது தனகோடி மோட்டாரைப் போட்டாள். யாரும் கேட்கவில்லை. தண்ணீர் குழாயிலிருந்து விழுந்தது. எட்டுப் பேரும் கால் கழுவும்வரை அவள் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றாள். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெந்துபோயிருந்த அந்தக் கால்களை அவள் அன்றுதான் பார்த்தாள். அவள் கால்களும் அப்படித்தான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கடல் பக்கம் கறுத்துவிட்டது. காற்றில் உப்பு வாடை தூக்கலாக அடித்தது. கடைசிக் கட்டைக் களத்தில் போட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுத் திரும்பிய தனகோடி, வயலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

வடகிழக்கு மூலையில் ஒரு கைப்பிடி அளவுக்குக் கதிர் அறுக்காமல் நின்றது. எட்டுப் பேரும் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அடக்கிவைத்திருந்த குரல் இப்போது வந்தது.

"ஏம்பா, என்னாது இது? மழ தலைமேல நிக்குது, நீங்க குந்திக்கிட்டு வேடிக்க பாக்கறீங்க? அன்னிக்குக் கயித்த வீசினதுக்கு இன்னிக்குக் கணக்கு தீக்கறீங்களா? அரகொறயா விட்டுட்டுப் போனா வயலுக்கு ஆவாதுன்னு தெரியாதா? நீங்கள்லாம்..."

நிமாய் எழுந்து வந்தான். தன் அரிவாளைத் துணியில் துடைத்து, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினான்.

"அம்மா, அது கடைசிக் கதிர். எங்க ஊர்ல நாங்க அறுக்க மாட்டோம். வயல்காரம்மா அறுக்கணும். தலையில வெச்சி வீட்டுக்குக் கொண்டுபோகணும். லட்சுமி வீட்டுக்கு வருது."

தனகோடி அரிவாளை வாங்கவில்லை. கை வரவில்லை.

வயல்காரம்மா.

இருபத்திரண்டு வருடம் ஊரார் வயலில் நட்டிருக்கிறாள், அறுத்திருக்கிறாள். அவளை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. குத்தகை நிலம்தானே என்று அவளே தன்னை அப்படி நினைத்ததில்லை. எவனை வயிற்றில் அடித்தவன் என்றாளோ, அவன் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை முதல்முதலாக வந்தது.

அரிவாளை வாங்கி, சேற்றில் இறங்கி, அந்தக் கைப்பிடிக் கதிரை அறுத்தாள். நிமாய் தன் தோள் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி அவள் தலையில் வைத்தான்.

"வீடு போறவரைக்கும் பேசக்கூடாது அம்மா. பேசினா லட்சுமி எறங்கிடும்."

அந்த எட்டுப் பேருக்கும் இதில் ஒரு குறும்பு இருந்திருக்கலாம். தனகோடி கேட்கவில்லை. அவள்தான் பேசக்கூடாதே.

பாதி வழியில் தூறல் ஆரம்பித்தது. எதிரே உப்பளத்து வேலை முடிந்து மாரியம்மாள் வந்தாள்.

"என்னாடி, முடிஞ்சிதா? மொத்த வெளச்சலும் இவ்ளோதானா, ஒரு கைப்பிடி? அவனுங்க நல்லா ஏமாத்திட்டானுங்களா?"

தனகோடி நடந்தாள்.

"ஏய், உன்னத்தாண்டி கேக்கறேன். வாயில என்ன, கொழுக்கட்டையா?"

தனகோடி முறைத்தாள். நடந்தாள். வாழ்க்கையில் மாரியம்மாளுக்குப் பதில் சொல்லாமல் அவள் கடந்துபோனது அந்த ஒரு நாள்தான். மேற்குத் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. தனகோடி பேசாமல் போகிறாள் என்றால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டு நிலைப்படியில் கதிரைச் செருகிவிட்டுத் திரும்பிய தனகோடி முதலில் சொன்னது, "எவடி அவ ஒப்பாரி வெக்கறவ? வாய மூடு!"

அதற்குள் மழை கொட்ட ஆரம்பித்திருந்தது.

இரண்டு நாள் பெய்தது. மூன்றாம் நாள் வெயில் வந்ததும் களத்தில் கதிரடித்துத் தூற்றி உலர்த்தினார்கள். பொன்னாக நெல் குவிந்து கிடந்தது. சிவசங்கரி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சாக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போடலாமா?" என்றாள்.

"இரு" என்றாள் தனகோடி.

மரக்காலை எடுத்து, விளிம்புக்கு மேல் குவித்துத் தலை கட்டி அளந்தாள். கூடையில் கொட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். உப்பளத்திலிருந்து நெல் பார்க்க வந்திருந்த மாரியம்மாள் வழியை மறித்தாள்.

"அவனுங்களுக்கா? நம்ம மரக்காவயா?"

"கையி அறுத்துதுல்ல? கையி முதல்ல சாப்பிடட்டும்."

மாரியம்மாள் வழியை விட்டு விலகினாள். கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே வந்தாள்.

உப்புக் கிடங்கில் நிமாய் கூடையைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டான். "கூலி குடுத்தாச்சே அம்மா."

"இது கூலி இல்ல. இத வாங்கலன்னா என் நெல்லு வீட்டுக்குள்ள போவாது."

இதைவிட நன்றாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அவர்கள் அடுத்த ஊர் அறுப்புக்குப் போகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நெல்லை அவித்து, காயவைத்து, மில்லில் அரைத்து அரிசியாக்க நேரம் இல்லை. நெல்லை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவள் இதை யோசிக்கவே இல்லை.

நிமாய் ஒரு பிடி நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தான். உள்ளே திரும்பி அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னான். ஒருவன் மணல் அள்ளி வந்தான். ஒருவன் சவுக்கு மிலாறுச் சுள்ளிகளைப் போட்டு அடுப்பை மூட்டினான். இரும்புச் சட்டியில் மணல் சூடேறியதும் நிமாய் நெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினான். படபடவென்று வெடித்து வெள்ளைப் பூவாக மலர்ந்தது.

"பொரி" என்று கத்தினாள் மாரியம்மாள். "அடி, கார்த்திகப் பொரிடி!"

மணலைச் சலித்து, உமியைப் புடைத்து, வெல்லம் உடைத்துப் போட்டு, முதல் தட்டை நிமாய் தனகோடியிடம் நீட்டினான்.

"உங்களுக்கு மொதல்ல" என்றாள்.

"எல்லாரும்" என்றான் அவன்.

தன் வயலின் புது நெல்லைத் தனகோடி முதல்முதலாகச் சாப்பிட்டது அந்தக் கிடங்கு வாசலில், அவன் பொரித்துக் கொடுத்துத்தான். பல்லில் ஒரு மணல் நெறுநெறுத்தது. கண் கலங்கியதற்கு அடுப்புப் புகையைக் காரணம் சொல்லிக்கொண்டாள். மாரியம்மாள் நம்பவில்லை. மாரியம்மாளுக்கு இரண்டாவது தட்டு வேண்டியிருந்ததால் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

கிளம்பும்போது தனகோடி வாசலில் நின்றாள்.

"ஐப்பசியில வருவீங்கல்ல?"

"கூப்பிட்டா வருவோம் அம்மா."

"என் வயலையும் நட்டுக் குடுங்க" என்றாள். பிறகு, போக இரண்டு அடி எடுத்து வைத்தவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "கயித்துக்கு ஒரு பக்கம் நான் பிடிக்கறேன்."