பாதி ஓடு, பாதி ஷீட்டு

பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியில் புதிதாக சிமெண்ட் ஷீட்டுப் போட்டிருக்கிறார். நேற்று வெயிலில் காய்ந்த அந்த ஷீட்டில் மழை விழுந்ததும் ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள், என்னை நேராக நாகல் நகர் ஆபீசில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே டைப்பிஸ்ட். சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் தர்ம சங்கங்கள் அப்போது ஊரில் இரண்டு இருந்தன. அதில் ஒன்றின் ஆபீஸ்தான் அது. இரண்டும் பழசு, இரண்டுக்கும் மூச்சு முட்டுகிற நீளத்தில் பெயர். ஜனங்கள் ஓட்டுச் சங்கம், ஷீட்டுச் சங்கம் என்று சுருக்கிவிட்டார்கள். ஒன்று கட்டும் வீட்டுக்கு ஓட்டுக் கூரைதான், மற்றதற்கு ஷீட்டுதான். ஓட்டுச் சங்கத் தலைவரின் மருமகனுக்கு ஓட்டு வியாபாரம். ஷீட்டுச் சங்கத் தலைவரே ஷீட்டு ஏஜெண்ட். எல்லாம் தற்செயல்தான், நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது.

நன்கொடை தந்துகொண்டிருந்த முதலாளிகள் ஒருநாள், "ஒரே வேலைக்கு எதுக்குய்யா ரெண்டு ரசீது புக்கு? ஒண்ணாச் சேருங்க, அப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். சேர்ந்தார்கள். அதாவது, சேர்வதற்காக மாதக்கணக்கில் கூடிக் கூடிப் பேசினார்கள். போர்டில் யார் பெயர் மேலே, மாலை யாருக்கு முதலில், எல்லாவற்றுக்கும் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு கூடை போண்டா. அதைத் தட்டில் வைத்து நீட்டுவதுதான் இணைப்பில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு. முதல் தட்டு யாருக்கு என்பதிலும் தகராறு வந்தது.

இதற்கு நடுவில்தான் பேச்சியக்கா மாட்டிக்கொண்டார். மார்க்கெட்டில் பூ விற்பவர், புருஷன் இல்லை. ஓட்டுச் சங்கம் அவருக்குச் சுவரை எழுப்பிவிட்டு, இணைப்புப் பேச்சு வந்ததும் கூரையை நிறுத்திவிட்டது. ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வரவேண்டியவள். ரெட்டியார்சத்திரத்துச் சம்பந்தியம்மாவோ, கூரை இல்லாத வீட்டுக்கு மருமகளை அனுப்பமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பேச்சியக்கா பூக்கூடையோடு ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்.

"சார், ஓடோ ஷீட்டோ, எதையாச்சும் போட்டு விடுங்க. புள்ளைக்கு மாசம் நெருங்கிருச்சு."

"செத்த பொறுங்கக்கா, உள்ள கமிட்டி பேசுது."

"அம்புட்டு நாளா என்னத்தப் பேசுறாக?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

ஐப்பசி பிறக்கும்போது ஒருவழியாகத் தீர்மானம் நிறைவேறியது. இணைந்த சங்கத்தின் முதல் வீடு இது. இரு தரப்புக்கும் மனக்குறை கூடாது. ஆகவே கூரையில் பாதி ஓடு, பாதி ஷீட்டு. சத்தியமாகச் சொல்கிறேன், கார்பன் வைத்து நான்தான் அதை டைப் அடித்தேன். கமிட்டி கைதட்டியது. மண் தரை போட்ட ஒற்றை அறை, அதற்கு மேலே நட்ட நடுவில் ஓடும் ஷீட்டும் சந்தித்தன. இரண்டு தலைவர்களும் ஒரே கத்தரியைப் பிடித்து இழுத்து ரிப்பன் வெட்டினார்கள்.

மகள் வந்தாள். அந்த வாரமே அடைமழையும் வந்தது. நடுக்கூரை ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டுத் தலைவர்கள் பார்க்கப் போனார்கள், குடை பிடிக்க நான். எங்களுக்கு முன்பே சம்பந்தியம்மா பஸ் பிடித்து வந்திருந்தார். ஓட்டுக்காரர் ஓட்டுக்கு அடியில் போய் நின்றார். ஷீட்டுக்காரர் ஷீட்டுக்கு அடியில்.

"எங்க பக்கம் ஒரு சொட்டு ஒழுகலையே."

"எங்க பக்கமும் ஒண்ணும் ஒழுகல."

இருவருக்கும் நடுவில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தரை முழுக்கச் சேறு. நனைந்த சேலையோடு அந்தப் பெண் கயிற்றுக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். பேச்சியக்கா சட்டியில் தண்ணீரை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டே சொன்னார்:

"ஓடும் ஒழுகல, ஷீட்டும் ஒழுகல. எம்புள்ளதான் நனையுறா."

இரண்டு பேரையும் பிடித்து அந்தச் சேற்றிலேயே தள்ளவேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

சம்பந்தியம்மா சண்டை போடவில்லை. "கெளம்பு தாயி, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"ரெண்டு நாள் பொறுங்க மதினி, கீத்து வச்சு அடைச்சுப்புடுறேன்" என்றார் பேச்சியக்கா.

"வலி வந்தா ரெண்டு நாள் பொறுக்குமா மதினி?"

அடுத்த பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பேரன் அங்கேதான் பிறந்தான்.

அடுத்த வருஷம் சங்கம் மறுபடி இரண்டானது, பிறகு இரண்டுமே இல்லாமல் போயின. தலைவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தனித்தனியாகத்தான். ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. பேச்சியக்காவும் இல்லை, அவர் வீட்டையும் இடித்துவிட்டார்கள். இடிக்கிற நாள் வரைக்கும் அந்த வீட்டில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை.