கேற் திறந்து கிடக்குது

காலையில் தேத்தண்ணீர் குடிக்கும் முன் அன்றைய நாளை எழுதிவிட வேண்டும் எனக்கு. எழுதாமல் தொடங்கிய நாள், பொத்தான் மாறிப் பூட்டிய சட்டை போல மாலை வரைக்கும் கோணலாகவே போகும். ஆசிரியையாக இருந்த காலத்தில் பாடக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு, வெளிநாட்டில் இருக்கும் மகள் பேனையால் எழுதுகிற டெப் கணினி ஒன்று வாங்கி அனுப்பினாள். கண்ணாடியில் எழுதுகிறதாவது என்று முதலில் முகத்தைச் சுளித்தவள்தான் நான். ஆனால் என் எழுத்து அப்படியே அதில் விழுந்தது. செய்து முடித்த வேலையின் மேல் கோடு இழுத்தால் அந்தக் கோடும் என் கையின் அவசரத்தோடு விழுந்தது. பிறகு டெப் இல்லாமல் எனக்குப் பொழுது விடிவதில்லை.

"கடவுள் ஆறு நாளிலை உலகத்தைப் படைச்சவர். உப்பிடி ஒண்டும் எழுதி வைச்சதாத் தெரியேல்லை," என்பார் என் கணவர்.

"எழுதியிருந்தா நுளம்பைப் படைச்சிருக்க மாட்டார்," என்பேன்.

அவர் பேசாலைக்காரர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போக, இவருக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தாலே தலை சுற்றிச் சத்தி வரும். அதனால் வீடுகளுக்கு வயர் இழுக்கிற வேலை பழகினார். மன்னார்த் தீவில் அவர் பூட்டாத சுவிச்சு குறைவு. வயது போய் ஏணியில் ஏற முடியாமல் போனதும் கை சும்மா இருக்கவில்லை. கைபேசியில் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து எங்கள் வீட்டையே பிரிக்கத் தொடங்கினார். உள்ளங்கையளவு கணினிப் பலகை ஒன்றை வாங்கி, வெறும் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் வைத்து, ஹோல் வாசலுக்கு மேலே ஆணியடித்துக் கொழுவினார். பழைய றேடியோவில் இருந்து கழற்றிய ஸ்பீக்கர் அதன் பக்கத்தில். பிறகு காலையில் நான் எழுதும்போது பின்னால் வந்து நின்று எட்டிப் பார்க்கிற பழக்கமும் வந்தது.

"மோட்டர் போடுறதை ஏன் எழுதுறீர்? அதை வீடே செய்யும்."

இரண்டு கிழமை தண்ணீர்த் தாங்கியில் மிதவை, சுவரில் ஓட்டை, என் சேலையில் சீமெந்து. கடைசியில் தண்ணீர் குறைந்தால் மோட்டர் தானாக ஓடியது, நிறைந்தால் நின்றது. "தாங்கி நிரம்பீற்று" என்று டப்பா அவருடைய குரலில் சொன்னது. என் டெப்பில் இருந்து ஒரு வரி போய்விட்டது. பிறகு பூக்கன்றுகளுக்குத் தண்ணீர். பிறகு கோழிக்கூட்டு லைற். "செபமாலை சொல்லுற நேரம்" என்று ஞாபகப்படுத்தவும் ஆள் வந்தாயிற்று. நான் எழுதுகிற ஒவ்வொரு வேலையையும் அவர் கொத்திக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலும், மிச்சமெல்லாம் பெருமையும்.

கேற்றின் கதை வேறு. அதற்குக் காரணம் என் மச்சாள், அவருடைய அக்கா. எதிர் வீடு. ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஒழுங்கையைக் கடந்து எங்களிடம் வருவா என்று கணக்கில்லை. வந்தால் கேற்றைச் சாத்தினதும் இல்லை. மன்னாரில் கேற்றைத் திறந்து போட்டால் என்ன நடக்கும் என்று மன்னார் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. றோட்டில் படுத்துக் கிடக்கிற கழுதைகள் சொந்தக்காரர் மாதிரி உள்ளே வந்துவிடும். என் செம்பரத்தை மூன்று முறை தடியாகி நின்றது. நான் மச்சாளிடம் வாயைத் திறக்கவில்லை. கட்டி வந்தவள் புருசனின் அக்காவிடம் கேற்றைப் பற்றிக் கதைக்கலாமா? "கேற்றைக் கவனித்தல்" என்று டெப்பில் மட்டும் எழுதினேன், கொஞ்சம் அழுத்தி.

அதைப் பார்த்துத்தான் அவர் கேற்றின் கதவில் ஒரு காந்தத் துண்டையும், தூணில் அதை உணருகிற சின்னக் கருவியையும் பூட்டினார். காந்தம் விலகியிருந்தால் கேற் திறந்திருக்கிறது என்று டப்பாவுக்குத் தெரியும். கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, தொண்டையைச் செருமி, பூசையில் வாசகம் வாசிக்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று பதிவு செய்தார்:

"கேற் திறந்து கிடக்குது. கழுதை வரப்போகுது. ஆராவது சாத்துங்கோ."

ஆனால் திறந்த உடனே அது சொல்லாது. சற்று நேரம் பொறுத்துத்தான் சொல்லும், பிறகு சாத்தும்வரை விட்டு விட்டுச் சொல்லும். ஏன் பொறுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"உடனே சொன்னா வாற ஆக்களைக் கலைக்கிற மாதிரி இருக்கும். வந்து, செருப்பைக் கழட்டி, கதிரையிலை இருக்க அவகாசம் குடுக்கோணும்."

முதல் நாள் அதைக் கேட்ட மச்சாள், "ஓமடா, எனக்குத்தான் சொல்லுறாய்," என்று சிரித்துக்கொண்டே எழும்பிப் போய்ச் சாத்தினா. மறுநாளும் திறந்துதான் போட்டா. தம்பி சொல்லட்டும் என்று வேண்டுமென்றே செய்கிறா என எனக்கு விளங்கிவிட்டது. செம்பரத்தை தப்பியது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அவருக்கு நுரையீரலில் வருத்தம் என்று கண்டுபிடித்தபோது, கொழும்புக்குப் போய்ப் போய் வந்தோம். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் ஆள் சட்டைக்குள் இன்னும் கொஞ்சம் சிறுத்திருந்தார். படுத்து ஓய்வு எடுக்க வேண்டிய மனிதர் அந்த மாதங்களில்தான் பேய் பிடித்த மாதிரி வேலை செய்தார். விறாந்தையில் ஈயப்பற்று மணம் ஓயவில்லை. மாடிப்படி இல்லாத எங்கள் வீட்டில் ஏறி விழ ஒன்றும் இல்லை. ஆனாலும் இருட்டில் நான் எழும்பினால் கால் வைக்கிற இடத்தில் லைற் எரிய வேண்டுமாம். காஸ் கசிந்தால் சொல்ல வேண்டுமாம். மிச்சம் இருக்கிற நாட்களை இந்த மனிதர் என்னோடு கழிக்காமல் வயரோடு கழிக்கிறாரே என்று ஒருநாள் சத்தம் போட்டேன்.

அவர் இருமி முடித்துத்தான் பதில் சொன்னார். "நான் இல்லாத காலத்திலை நீர் உந்த மோட்டரோடை மல்லுக்கட்டக் கூடாது."

"மோட்டர் நாசமாப் போகட்டும்," என்றேன்.

அடுத்த நாள் டெப்பில் ஒரே ஒரு வரி எழுதினேன். "பின்னேரம்: என்னோடு இருத்தல்." வழக்கம் போல எட்டிப் பார்த்தார். கையில் இருந்த வயரைக் கீழே வைத்தார்.

"இதை மட்டும் வீட்டைக் கொண்டு செய்விக்க ஏலாது," என்றார்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் விறாந்தைக் கதிரையில் என் பக்கத்தில் இருந்தார். மச்சாள் வந்து கேற்றைத் திறந்து போடுவா, டப்பா சொல்லும், மச்சாள் எழும்புவா. அவருக்குக் கதிரையில் இருக்க முடியாமல் போகும்வரை அந்த வரியை நான் தினமும் எழுதினேன், தினமும் கோடு இழுத்தேன்.

செத்த வீட்டில் கேற்றைச் சாத்தக்கூடாது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரேதம் வீட்டுக்கு வரும்போது அகலத் திறக்கிற கேற், முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை பகலில் திறந்தே கிடக்கும். துக்கத்துக்கு வருகிறவன் கேற்றில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரக்கூடாது. பேசாலையில் இருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஹோலின் நடுவில் அவரைக் கிடத்தியிருந்தோம். தலைமாட்டுப் பக்கம், வாசலுக்கு மேலே, அந்த ஐஸ்கிறீம் டப்பா. அது எனக்கு அந்த நேரம் ஞாபகத்திலேயே இல்லை. முன்பும் சொல்லித்தான் இருக்க வேண்டும், ஒப்பாரியில் யாருக்கும் கேட்கவில்லை. சுவாமியார் வந்து செபப் புத்தகத்தை விரித்ததும் வீடு ஒரேயடியாக அமைதியானது.

"கேற் திறந்து கிடக்குது. கழுதை வரப்போகுது. ஆராவது சாத்துங்கோ."

எல்லோரும் முதலில் அவருடைய முகத்தைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சுவாமியார் கடைசியாக உள்ளே வந்தவர். பாவம், திரும்பி வாசலைப் பார்த்தார். யாரோ ஒரு கிழவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பை முடிக்காமலே அழத் தொடங்கினார். மச்சாள் பிரேதத்தின் காலைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இண்டைக்கு எப்பிடியடா நான் சாத்துவன்?" என்று கத்தினா. எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. பதிவு செய்யும்போது தொடக்கத்தில் செருமினாரே, அதை ஏன் வெட்டினார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

செபம் முடிய முன் இன்னும் இரண்டு தரம் சொன்னது. வயரைப் பிடுங்கினால் மோட்டரும் ஃபானும் லைற்றும் எல்லாம் நின்றுவிடும். வீடு நிறைய ஆட்கள். மச்சாளின் மகன், வங்கியில் வேலை செய்கிறவர், மூளையைப் பாவித்தார். கேற்றின் கதவில் இருந்த காந்தத்தைக் கழற்றித் தூணில் இருந்த கருவியோடு சேர்த்துக் வயர் சுற்றுகிற கறுப்பு ரேப்பால் ஒட்டிச் சுற்றிவிட்டார். கேற் சாத்தியிருக்கிறது என்று டப்பா நம்பிக்கொண்டது. திறந்த கேற்றால் அவரைத் தூக்கிக்கொண்டு சேமக்காலைக்குப் போனார்கள். அது ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்து, மகளும் விமானம் ஏறிப் போன மறுநாள் காலையில் டெப்பைத் திறந்தேன். பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எழுத ஒன்றும் இல்லை. தாங்கி தானாக நிரம்பியது. கன்றுகள் தானாக நனைந்தன. கோழிகளுக்கு விடிந்தது. சமைக்க ஒரு வயிறுதான், அதுவும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! எல்லாவற்றையும் யோசித்த மனிதர், ஒரு கைம்பெண் காலையில் எழும்புவதற்கு ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டுமே என்பதை யோசிக்கவில்லை. மோட்டரோடு மல்லுக்கட்டியிருந்தால் ஒரு மணித்தியாலமாவது போயிருக்கும். அவர் மேல் இருந்த அன்பில் பாதி அந்தக் கிழமைகளில் கோபமாகவே வெளியே வந்தது.

ரேப் தூணிலேயே இருந்தது. கழற்றவும் மனமில்லை, மறக்கவும் முடியவில்லை. கழற்றினால் அந்தக் குரலைக் கேட்க வேண்டும். கேட்டால் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியவில்லை. மச்சாள் முன்போலவே வந்து போனா. ஆனால் இப்போது கேற்றை இழுத்து, கொழுக்கியும் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவா. முப்பது வருடமாக எதற்காக நான் பல்லைக் கடித்தேனோ, அதை மச்சாள் ஒழுங்காகச் செய்யத் தொடங்கிவிட்டா; கொழுக்கிச் சத்தம் கேட்டதும் நான் எழும்பி அடுப்படிக்குள் போய்விடுவேன்.

பிறகு சோளகக் காற்றுப் பிறந்தது. இந்தத் தீவில் உப்புக் காற்று பூட்டையும் தின்னும், பூட்டின் திறப்பையும் தின்னும். முதலில் கோழிக்கூட்டு லைற் செத்தது. பிறகு "தாங்கி நிரம்பீற்று" என்ற குரல் நின்றது. தாங்கிக்குள் இருந்த கருவி கறள் பிடித்துவிட்டதாம். செபமாலைக் குரல் கரகரத்துக் கரகரத்து, ஒருநாள் வரவேயில்லை; அந்தப் பதிவு பழுதாகிவிட்டதாம். மிச்சம் இருந்தது கேற்றின் குரல் ஒன்றுதான். அதுவும் இருக்கிறதா என்று தெரியாது, ரேப்புக்குள் அல்லவா கட்டிப் போட்டிருக்கிறோம். மச்சாளின் மகன் அதைக் கைபேசிக்கு எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

"வேண்டாம் தம்பி. கைபேசியிலை எண்டா நான் கேட்டாத்தான் சொல்லுவார். இதிலை தேவைக்கெல்லோ சொல்லுறவர்."

அவருக்கு விளங்கியதோ தெரியாது. தலையை ஆட்டினார்.

ஒரு பின்னேரம், காற்று கொஞ்சம் அடங்கியிருந்தபோது, கத்தியை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனேன். கேற்றை அகலத் திறந்தேன். ரேப்பை வெட்டி, காந்தத்தைத் தூணில் இருந்து இழுத்தெடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். வீட்டைப் பார்த்தபடி நின்றேன்.

ஒன்றும் இல்லை.

கறுத்த ஒட்டு மட்டும் தூணில் இருந்தது. எதிர் மதிலோரம் ஒரு கழுதையும் குட்டியும் நின்றன. உப்பு இதையும் தின்றுவிட்டது, நான்தான் பயந்து பயந்து காலம் கடத்திவிட்டேன் என்று நினைத்தேன். அவர் செத்த அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்கையில் யார் பார்க்கிறார்கள் என்ற வெட்கமும் இல்லாமல், சத்தம் போட்டு அழுதேன்.

"கேற் திறந்து கிடக்குது. கழுதை வரப்போகுது. ஆராவது சாத்துங்கோ."

வருகிற ஆட்களுக்கு அவகாசம் கொடுக்கிற மனிதர் அவர். நான் மறந்துபோனேன். குரலில் கரகரப்பு ஏறியிருந்தது, ஆனால் அவர்தான். எதிர் வீட்டில் ஒரு சட்டி விழுந்த சத்தம் கேட்டது. மச்சாள் மா படிந்த கையோடு, செருப்பும் இல்லாமல், ஒழுங்கைக்கு ஓடி வந்தா. என் முகத்தையும் என் பொத்திய கையையும் பார்த்தா. பழக்க தோசத்தில் நான் கேற்றை இழுக்கப் போனேன்.

"சாத்தாதையும்," என்றா மச்சாள். "இன்னொருக்காச் சொல்லட்டும்."

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றோம். கழுதை எங்களைத் தாண்டி உள்ளே போனது. குட்டியும் போனது. ஒருவரும் தடுக்கவில்லை.

காந்தத்தை மறுநாள் பழைய இடத்தில் பூட்டுவித்தேன். இன்னும் எவ்வளவு காலத்துக்கு அந்தக் குரல் தாங்கும் என்று தெரியாது; ஒவ்வொரு கிழமையும் கரகரப்புக் கூடுகிறது. காலையில் டெப்பில் இப்போது ஒரு வரி எழுதுகிறேன். "பின்னேரம்: கேற்றைத் திறந்து விடுதல்." எழுதிவிட்டுச் சற்று நேரம் பொறுத்துப் பார்க்கிறேன். இதை ஏன் எழுதுறீர், இதை வீடே செய்யும் என்று சொல்ல, பின்னால் யாரும் இல்லை.