பன்னிரண்டு வீட்டுக்குப் பிள்ளை

வீரம்மா சிவப்பு ஐசிக்காரி. இந்த நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை என்பதுதான் அந்த அடையாள அட்டையின் சிவப்புக்கு அர்த்தம். காம்பாருக்குத் தெற்கே கல்லுமலைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்து, இப்போது ஈப்போ சிலிபினில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பவள். பேராக் மாநிலத்தைத் தாண்டி அவள் வெளியே போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் பிறந்ததற்குச் சூராட், பிறப்புச் சான்றிதழ், இல்லை. குடிமக்களுக்கான நீல அட்டைக்கு இரண்டு முறை எழுதிப் போட்டாள். உடையப்பன், அங்கம்மா தம்பதிக்கு இப்படி ஒரு பெண் பிறந்ததாகப் பதிவில்லை என்று இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது.

மூன்றாவது முயற்சியை மகள் தினேஸ்வரி கையில் எடுத்தாள். கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருப்பவள், விட்டுக்கொடுக்கத் தெரியாதவள். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஜனங்களுக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்கும் கௌரி அம்மாவிடம் தாயை அழைத்துப் போனாள். கௌரி அம்மா முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பம். பேச்சில் இன்னும் அந்தச் சாயல் இருந்தது. பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"இதெல்லாம் பிறகு பாப்பம். முதல்ல உங்கட சின்ன வயசைச் சொல்லுங்கோ. ஞாபகம் இருக்கிற எல்லாத்தையும் சொல்லுங்கோ."

வீரம்மாவிடம் இதற்குமுன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முதலில் வெட்கப்பட்டாள். பிறகு இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் சொன்னாள்.

மேல் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பன்னிரண்டு வீட்டிலும் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும். விடியுமுன் பெரியவர்கள் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் கிடக்கும். மத்தியானம் எந்த வீட்டு அடுப்பு முதலில் எரிகிறதோ அந்த வீட்டில் வீரம்மாவுக்குச் சோறு. தீபாவளிக்கு மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டை என்றால் அவளுக்கு மூன்று வரும். அவள் நோஞ்சான், அதனால்தான் என்று நினைத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக் கலாதேவி அவள் வயதுக்காரி. தடுப்புப் பலகையில் ஒரு கணு விழுந்த ஓட்டை இருந்தது. அதன் வழியாக இரண்டு பேரும் வறுத்த கடலையை ஒவ்வொன்றாகத் தள்ளி விளையாடுவார்கள்.

அப்பா உடையப்பன் அதிகம் பேசாதவர். பால் லாரியில் வேலை. அம்மா அங்கம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். தோட்டத்துக்குள் தெரியாத கார் எதுவும் நுழைந்தால் மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவாள். லயத்தில் சண்டைக்கும் குறைவில்லை. குழாயடியில் வாளி மாறினால்கூட மூன்று தலைமுறைக் கதையும் வெளியே வந்துவிடும். யாருடைய அத்தை யாரோடு ஓடிப்போனாள், எவன் சம்சு குடித்துவிட்டுக் கால்வாயில் கிடந்தான் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

பன்னிரண்டு வயதில் பள்ளிப் பிள்ளைகளை ஐசி எடுக்க பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். சூராட் இல்லாததால் வீரம்மா மட்டும் எடுக்காமல் திரும்பி வந்தாள். அன்று அங்கம்மா அடுப்புப் பற்றவைக்காமல் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லிவைத்தாற்போல மற்றப் பதினொரு வீட்டிலிருந்தும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பாடு வந்தது. ஏன் இத்தனை என்று வீரம்மாவுக்குப் புரியவில்லை. அவள் பதினெட்டு வயதில் இருந்தபோது தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து ஜனம் ஈப்போ, காம்பார், பாகான் செராய் என்று பிரிந்துபோனது. சிவப்பு அட்டைகூட அதற்குப் பிறகுதான் வீரம்மாவுக்குக் கிடைத்தது.

கௌரி அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "இதை நீங்கள் மட்டும் சொன்னாக் காணாது. உங்களைக் குழந்தையில இருந்தே தெரிஞ்ச ஆக்கள் ரெண்டு பேர் சத்தியக் கடுதாசியில கையெழுத்துப் போட வேணும்" என்றார்.

வீரம்மாவுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. அங்கம்மா இறந்து ஆறு வருடம். உடையப்பன் அதற்கும் முன்பே போய்விட்டார். ஆனால் ஐந்தாம் வீட்டுக் கனகராஜ் அண்ணன் இருக்கிறார். அவளைவிட எட்டு வயது மூத்தவர். கலாதேவியோ இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள். மூன்று வேளையில் ஒரு வேளையாவது இருவரும் பார்த்துக்கொள்ளாமல் இருந்ததில்லை.

ஆனால் கலாதேவி தேதி கொடுக்கவில்லை. முட்டி வலி என்றாள். அடுத்த வாரம் பேரனுக்குக் காய்ச்சல் என்றாள். சரி, முதலில் அண்ணனைப் பார்த்துவிடலாம் என்று தாயும் மகளும் பாகான் செராய்க்குக் காரில் போனார்கள்.

கனகராஜ் மகன் வீட்டில் இருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்த உடம்பு. வீரம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, அவள் கால்வாயில் விழுந்தது, பேன் எடுக்கவிடாமல் ஓடியது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். தினேஸ்வரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காகிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்தார். 'உடையப்பன், அங்கம்மா இருவருக்கும் பிறந்தவர்' என்ற வரியில் விரல் நின்றது. காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல என்னால சத்தியம் பண்ண முடியாது தங்கச்சி."

"ஏண்ணே?"

"ஏற்கெனவே ஒண்ணு பண்ணிட்டேன் லா. பத்து வயசுல."

கலாவைக் கேள் என்று மட்டும் சொன்னார்.

சிலிபினுக்குத் திரும்பி இறங்கியதும் வீரம்மா வீட்டுக்குப் போகாமல் நேரே கலாதேவியின் சமையல்கட்டுக்குப் போய் நின்றாள். கலாதேவி அவள் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒளிக்க எதுவும் மிச்சமில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கதை இதுதான். லயத்தின் கடைசி வீட்டில் சன்னாசி என்று ஒருவர் இருந்தார். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்; நீல ஐசிக்காரர். அவர் மனைவி செல்லாயி ஊரிலிருந்து கப்பலில் வந்தவள். அவளுக்குச் சரியான காகிதம் கிடையாது. மரக்கட்டை லாரி சாய்ந்து சன்னாசி இறந்தபோது செல்லாயி ஏழு மாதக் கர்ப்பிணி. பெண் பிறந்தது. தோட்டத்து ஆபீஸ் கிராணி முறையாகப் பதிந்து சூராட்டும் வாங்கிக் கொடுத்தார். அந்த வருடங்களில்தான் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தது. சீட்டுக் கிடைக்காமல் தோட்டம் தோட்டமாக ஜனம் ஊருக்குக் கப்பல் ஏறியது. செல்லாயியும் மூத்த மகனோடு புறப்பட வேண்டியதாயிற்று. மூன்று மாதக் குழந்தைக்கோ இழுப்பு. கப்பலில் ஏற்றினால் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எட்டு வருடமாகப் பிள்ளையில்லாத அங்கம்மாவின் கையில் குழந்தையைக் கொடுத்து, உடம்பு தேறியதும் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுச் செல்லாயி லாரியில் ஏறினாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளையை அழைத்துப் போகத் தம்பி வருகிறான் என்று எழுதியிருந்தது. அங்கம்மா அந்தக் கடிதத்தையும் சூராட்டையும் சேர்த்து அடுப்பில் வைத்தாள். பிறகு வீடு வீடாகப் போய்க் காலில் விழுந்தாள். அந்த வெள்ளிக்கிழமை மேல் லயத்து ஜனம், விவரம் தெரிந்த பிள்ளைகள் உட்பட, இவள் அங்கம்மா பெற்ற பிள்ளையல்ல என்று யாரிடமும் சொல்வதில்லை என மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தது. தம்பி என்று யாரும் வரவேயில்லை. ஆனால் சத்தியம் நின்றுவிட்டது. அடுத்த பதினாறு வருடச் சண்டையில் குழாயடியில் எதையெல்லாமோ வாரி இறைத்தவர்கள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் நாக்கு நுனிக்குக்கூடக் கொண்டுவரவில்லை. தன் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் கலாதேவிக்கே தாய் சொன்னாளாம். சொன்ன கையோடு அவளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம்.

வீரம்மா எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"நீல ஐசி இல்லாம நான் பட்டது எங்கம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ ரெண்டாவது தடவ எழுதிப் போட்டு வரலன்னதும் நானே போயி அவங்கள கேட்டேன், சொல்லிருங்க அத்தைன்னு. நான் செத்தப்பறம் நீ சொல்லுன்னாங்க."

"செத்து ஆறு வருசம் ஆச்சு."

"வாய் வரல வீரா. சொன்னா எங்க நீ அநாதயா போயிருவியோன்னு இருந்திச்சு."

"நாப்பது வருசத்துக்கு மேல, எனக்குன்னு ஒருத்தி இருக்கான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள் வீரம்மா. எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் சுவரில் இருந்த அங்கம்மாவின் படத்தைக் கழற்றி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். மகளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒன்பதாம் நாள் அமாவாசை. படைக்க வேண்டுமே என்று படத்தை வெளியே எடுத்தாள். துடைத்து மாட்டினாள். பொட்டு வைத்தாள். இரண்டு அம்மாவுக்கும் சேர்த்துத்தான் இலை போட்டேன் என்று பிற்பாடு சொன்னாள். செல்லாயி இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் படைப்பது தப்போ என்ற பயமும் அவளுக்கு இருந்தது.

அடுத்த சனிக்கிழமை தாயும் மகளும் போய் விஷயத்தைச் சொன்னதும் கௌரி அம்மா புதிய பாரம் ஒன்றை எடுத்தார்.

"கடுதாசியை எரிச்சாலும் பதிவை எரிக்க ஏலாது. இவ்வளவு காலமும் நாங்கள் பிழையான பேரில தேடியிருக்கிறம்" என்றார்.

ஆறு வாரத்தில் பதிவு கிடைத்தது. ராசாத்தி, தகப்பன் சன்னாசி, தாய் செல்லாயி. வீரம்மா இதுவரை கொண்டாடிய பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் முந்தின தேதி. நாற்பது வருடமாக அலையவே தேவையில்லாமல், பிறந்த அன்றே இந்த நாட்டுக்காரியாக இருந்திருக்கிறாள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீரம்மா சிரித்தாளா அழுதாளா என்று மண்டபத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி, அந்த ராசாத்திதான் இந்த வீரம்மா என்பதற்குச் சாட்சி வேண்டும். இந்த முறை கனகராஜ் யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முதலில் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றி, பத்து வயதில் செய்த சத்தியத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சத்தியப் பிரமாண ஆணையரின் அலுவலகத்துக்கு வந்தார். கலாதேவியும் வந்து, தாய் தன்னிடம் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வீரம்மா அவளோடு பேசவில்லை. அவளும் பேச முயலவில்லை.

வெளியே வந்ததும் வீரம்மா கனகராஜைத் தனியே அழைத்துப் போனாள். பெற்றுவிட்டுப் போனவள் அழுதாளா என்று கேட்டாள்.

"தெரியல தங்கச்சி. லாரி பின்னால நாங்க பிள்ளைங்கெல்லாம் ஓடினோம். அவங்க எங்கள பாக்கல. அங்கம்மா அக்கா கையில இருந்த துணி மூட்டையவே பாத்துக்கிட்டு போனாங்க. நீதான் அதுல இருந்த."

அவருக்கு நினைவிருந்தது அவ்வளவுதான். செல்லாயியின் ஊர்ப் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. தேடிப் பார்க்கலாமா அம்மா என்று தினேஸ்வரி கேட்டபோது, முதலில் ஐசி வரட்டும் என்று வீரம்மா சொல்லிவிட்டாள்.

ஒரு வருடமும் இரண்டு மாதமும் கழித்து, வந்து அட்டையை எடுத்துக்கொள்ளும்படி கடிதம் வந்தது. குறித்த நாளில் தினேஸ்வரிக்குக் காலை வேலை, மாற்றிக்கொள்ள முடியவில்லை. வீரம்மா தனியாகக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியே கலாதேவி நின்றுகொண்டிருந்தாள். கையில் குடையும் தண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தாள். எப்படித் தெரிந்தது என்று வீரம்மா கேட்கவில்லை. சொன்னது தினேஸ்வரியாகத்தான் இருக்கும் என்று ஊகித்திருப்பாள். இருவரும் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். பஸ்ஸில் கலாதேவி ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டாள். வீரம்மா உட்கார்ந்தாள்.

"முட்டி வலி எப்படி இருக்கு?" என்று சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்படியேதான் இருக்கு" என்றாள் கலாதேவி.

அலுவலகத்தில் நல்ல கூட்டம். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் ஒரு பெயரை வாசித்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் வாசித்தாள். வீரம்மாவும் யார் அந்த ராசாத்தி என்று மற்றவர்களைப்போலத் திரும்பிப் பார்த்தாள். கலாதேவி அவள் முழங்கையைத் தொட்டாள்.

"உன்னத்தான் கூப்பிடறாங்க. போ."