பச்சைத் தண்ணீர்

நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்த அவரை எல்லோரும் விசில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் விசிலை அவர் ஊதுவதே அபூர்வம். குரலே போதும். "உள்ள போங்க, உள்ள என்ன புலியா இருக்கு" என்று ஒரு தடவை சொன்னால் படியில் தொங்கிக்கொண்டிருக்கும் கூட்டம் கடைசி இருக்கைவரை தானாக நகரும்.

அவருடைய பேருந்தின் கடைசி நிறுத்தம் முகத்துவாரப் பாலம். ஆறு கடலில் சேரும் இடம் என்று பெயர். உண்மையில் ஆற்றின் வாயை மணல்திட்டு அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் கறுத்துக் கிடந்தது. பாலத்தடியில் இருந்த சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கரையில் குப்பை அள்ளத் தொடங்கினார். விசில் அக்காவும் அதில் சேர்ந்த பிறகுதான் அது கூட்டமானது. பஸ்ஸில் ஏறியவர்களில் ஒருவரையும் அவர் விடவில்லை.

"ஞாயித்துக்கெழமை அப்படி என்ன வேலை? தூங்கறதுதானே. ரெண்டு சாக்கு குப்பை அள்ளிட்டுப் போய்த் தூங்குங்க, இன்னும் நல்லா வரும்."

வந்தார்கள். மீன்பிடிக்கிறவர்கள் படகோடு வந்தார்கள். மணல்திட்டை வெட்டிக் கடல் தண்ணீர் உள்ளே வர வழி செய்தார்கள். உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரக்கன்றுகள் நட்டார்கள். ஆனால் நட்ட கன்றுகள் அழுகிப்போயின. நாற்றமும் போகவில்லை.

"மேல இருக்கற குப்பைய அள்ளி என்ன பண்றது? வீட்டுக் கழிவு மழைநீர்க் கால்வாய் வழியா வந்து விழுந்துக்கிட்டே இருக்கு" என்றார் நர்ஸம்மா.

அந்தக் கால்வாய் ஆற்றில் விழும் இடத்தில் எப்போதும் வெள்ளை நுரை மிதக்கும். கால்வாயின் ஓரத்தில் ஒரு சலவைக் கடை. கடைக்காரரும் அவர் மனைவியும் ஒரு வாரமும் தவறாமல் குப்பை அள்ள வருகிறவர்கள். அன்றும் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்கள். விசில் அக்கா நுரையைப் பார்த்தார், கடையைப் பார்த்தார்.

"இதுக்கு ஆராய்ச்சி வேற பண்ணணுமா? ஒரு கையால கன்னு நடறாரு, இன்னொரு கையால சோப்புத் தண்ணிய விடறாரு."

கூட்டம் சிரித்தது. சலவைக்காரர் நிமிர்ந்தார். "எங்க கடைத் தண்ணி பாதாளச் சாக்கடைக்குப் போகுதுக்கா. வேணும்னா வந்து பாருங்க."

"டிக்கெட் எடுக்காதவன் எவன் ஒத்துக்கிட்டிருக்கான் தம்பி?"

சிரிப்பு இன்னும் பெரிதானது. சலவைக்காரரின் மனைவி கையிலிருந்த கன்றை நட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கரையேறினார். விசில் அக்காவுக்குத் தான் சொன்ன டிக்கெட் பதில் பிடித்துப்போயிற்று. அன்று மாலை கணவரிடம் சொன்னார். மறுநாள் பஸ்ஸிலும் சொன்னார். கேட்டவர்கள் வேறு நாலு பேரிடம் சொன்னார்கள். சலவைக் கடையில் துணி குறைந்தது. ஆற்றைக் கெடுக்கிறவனிடம் எதற்குப் போட வேண்டும் என்று சிலர் வாய்விட்டே கேட்டார்கள்.

நர்ஸம்மாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எங்கிருந்தோ பச்சைச் சாயத்தூள் வாங்கிவந்தார். யாருக்கும் கெடுதல் இல்லாத சாயம். சந்தேகப்படும் வீட்டில் கரைத்து ஊற்ற வேண்டும், கால்வாயில் பச்சை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். முதலில் சலவைக் கடையில் ஊற்றினார்கள். கூட்டம் கால்வாய் ஓரம் காத்து நின்றது. ஒன்றும் வரவில்லை. சலவைக்காரரே இன்னொரு வாளி கரைத்து ஊற்றினார். அப்போதும் வரவில்லை.

"சாயம் பழசோ என்னவோ" என்றார் விசில் அக்கா.

வரிசையாகச் சில வீடுகளில் ஊற்றினார்கள். அங்கேயும் பச்சை வரவில்லை. பிறகு சலவைக்காரரின் மனைவி மெதுவாகச் சொன்னார்: "அக்கா வீட்டுப் பின்பக்கமும் இந்தக் கால்வாய்தானே. அங்க யாரும் ஊத்தலையே."

"தாராளமா ஊத்துங்க. அந்தச் சாக்குல எங்க வீட்டையும் ஒரு தடவை பாத்த மாதிரி இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார் விசில் அக்கா.

அவர் கணவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். முன்னறையில் சன்னலோரம் மேசை போட்டு, ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வேலையில் இருந்தார். ஆட்களைப் பார்த்ததும் எழுந்தார். "இப்பவேவா?" என்றார். விசில் அக்கா மாடிக் குளியலறைக்கு ஏறித் தன் கையாலேயே சாயத்தை ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

கீழே வந்து கால்வாயை எட்டிப் பார்ப்பதற்குள் பச்சை வந்துவிட்டது. கொஞ்சநஞ்சமில்லை. கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை பச்சை. அது நுரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஆற்றில் போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் சிரித்திருந்தாலும் விசில் அக்கா ஏதாவது பதில் சொல்லிச் சமாளித்திருப்பார். நர்ஸம்மா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். சலவைக்காரர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார், அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அக்காவால் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் மேல் பாய்ந்தார்.

"கொத்தனார் இப்படிப் பண்ணியிருக்கான். நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

கணவர் கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தார். "மாடி பாத்ரூம் கட்டும்போது அவர் கேட்டாரு. சாக்கடை லைன்ல சேக்கணும்னா தெருவைத் தோண்டணும், இல்லைன்னா பின்னால கால்வாய்ல விட்டுடலாம்னு. நீ டூட்டிக்குக் கிளம்பிக்கிட்டிருந்த. எங்கயாவது விடச் சொல்லுங்க, வீட்டுக்குள்ள நாறாம இருந்தா சரின்னுட்டுப் போயிட்ட."

"நீங்களாவது தடுத்திருக்கலாம்ல?"

"எனக்கும் வேலை முடிஞ்சா போதும்னுதான் இருந்துச்சு." லென்ஸை மேசையில் வைத்துவிட்டு, "அந்த ஆளைப் பத்தி நீ சொல்லிச் சிரிச்சியே, அன்னிக்கே எனக்கு ஞாபகம் வந்துச்சு. சொல்ல வாய் வரல" என்றார்.

அடுத்த ஞாயிறு விசில் அக்கா போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. டிப்போவில் கெஞ்சிக் கேட்டு வேறு தடத்துக்கு மாற்றிக்கொண்டார். புதிய தடத்தில் யாரோடும் அதிகம் பேசவில்லை. ஓட்டுநர் உடம்புக்குச் சரியில்லையா என்று விசாரித்தார்.

ஒரு நாள் காலை அந்தப் பஸ்ஸில் சலவைக்காரர் ஏறினார். தோளில் பெரிய துணி மூட்டை. தெருவில் துணி வராததால் தூரத்து விடுதிகளில் கேட்டு வாங்கிவருகிறார் என்பது மூட்டைமேல் எழுதியிருந்த விடுதிப் பெயரைப் பார்த்தாலே தெரிந்தது. டிக்கெட்டைக் கொடுக்கும்போது அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அன்னிக்கு நான் சொன்னது..."

"இங்க வேணாம் மேடம்" என்றார் அவர். கோபமே இல்லாத குரல். "அத்தனை பேரு முன்னாடி சொன்னீங்க. பஸ் சத்தத்துல முணுமுணுத்து முடிச்சுடாதீங்க."

எப்போதும் அக்கா என்பவர் மேடம் என்றார். அந்த ஒரு சொல் நாள் முழுக்கக் காதில் அறைந்துகொண்டே இருந்தது.

அந்த ஞாயிறு அவர் போனார். கணவரும் கூட வந்தார். எல்லோரும் சாக்குகளோடு இறங்கப்போகும் நேரத்தில் "ஒரு நிமிஷம்" என்றார். பேருந்தையே நிரப்பும் குரல் அன்று எதிரே நின்றவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

"நுரைக்குக் காரணம் இவருன்னு சொன்னேன். தப்பு. எங்க வீட்டுக் கழிவுதான் இதுல விழுந்துக்கிட்டிருந்துச்சு. அந்தக் கொத்தனாரு..." என்று ஆரம்பித்தவர், கணவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்ததும் நிறுத்தினார். "கொத்தனார் இல்ல. நான் சொல்லித்தான் விட்டாரு."

கூனிக் குறுகி நின்றார். சலவைக்காரர் தலையசைத்தார். அவர் மனைவி மட்டும் நேராகப் பார்த்துச் சொன்னார்: "சொல்லிட்டீங்க, சரி. போன துணி திரும்பி வராது." சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கி வேலையைப் பார்த்தார். மன்னித்தேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

குழாயைச் சாக்கடையோடு இணைக்கத் தெருவைத் தோண்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எங்களுதும் அப்படித்தான் போகுதுன்னு நெனைக்கிறேன்" என்றார். அதற்கடுத்த வீட்டம்மாவும் அதையே சொன்னார். பார்த்தால் பாதித் தெரு அப்படித்தான் இருந்தது. ஒரே பள்ளத்தில் எல்லா வீட்டுக் குழாயும் இறங்கியது.

அதற்குப் பிறகு நட்ட கன்றுகளில் பாதி பிழைத்தன. அவற்றின் வேரடியில் நண்டு வளைகள் தென்பட்டன. சலவைக் கடைக்குப் பழைய வாடிக்கையாளர்களில் சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. விசில் அக்கா அந்தக் கடைக்குத்தான் சீருடையைப் போட்டுவந்தார். அது எதற்கும் ஈடாகாது என்று அவருக்கே தெரியும்.

இப்போது குழு மற்றத் தெருக்களுக்கும் சாயம் எடுத்துக்கொண்டு போகிறது. கதவைத் தட்டிப் பேசும் வேலை அவருடையது. கதவைத் திறப்பவர்கள் முறைத்துக்கொண்டுதான் திறப்பார்கள். "எங்க வீட்டுலதான் மொதல்ல பச்சை வந்துச்சு" என்று ஆரம்பிப்பார். பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுகிறார்கள். எத்தனையோ வாசல்களில் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவருக்குக் காது மடல் கொதிக்கிறது.