அந்தப் பக்கத்துக் கார்டும் இந்தப் பக்கத்துப் புருஷனும்

அரசாங்கத்தின் பதிவில் நான் கல்யாணம் ஆகாதவளாக இருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அம்மாவின் ரேஷன் கார்டில் மகள் என்று என் பெயர். என் புருஷனுக்கு இந்தப் பக்கம், பாண்டிச்சேரியின் பாகூர் கொம்யூனில், ஏழைகளுக்குக் கொடுக்கும் சிவப்பு ரேஷன் கார்டு. அதில் அவரும் எங்கள் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். பெண்டாட்டி என்று யாரும் இல்லை. பிள்ளைகள் வானத்திலிருந்து விழுந்தது போல.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த திருட்டுத்தனம் இல்லை. எல்லையில் பாதி வீடு இப்படித்தான். இந்த வயல் பாண்டிச்சேரி, வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னும் கொஞ்சம் நடந்தால் மறுபடி பாண்டிச்சேரி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த வரப்புகளைத் தாண்டித்தான். பெண்ணை அனுப்புவார்கள், பெயரை அனுப்பமாட்டார்கள். அந்தப் பக்கம் ரேஷனில் அரிசி போடுகிறார்கள். இந்தப் பக்கம் ரேஷன் கடையைப் பல வருஷம் இழுத்து மூடிவிட்டு, அரிசிக்குப் பதில் பேங்கில் பணம் போடுகிறோம் என்றார்கள். போட்டபோது போட்டார்கள். அதனால் கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயர் அம்மா கார்டிலேயே கிடக்கும். பிள்ளைகளின் பெயர் அப்பா கார்டில் ஏறும், ஏனென்றால் பாண்டிச்சேரிப் பிள்ளை என்று சர்ட்டிபிகேட் இருந்தால் காலேஜ் சீட்டுக்கு உதவும். இரண்டு அரசாங்கமும் எதையும் முழுசாகக் கொடுப்பதில்லை. நாங்கள் இரண்டிலும் பாதிப் பாதி வாங்கிக்கொண்டோம்.

நான் வேலை செய்வது கடலூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில். காலையில் கம்பெனி பஸ் எல்லை தாண்டி வந்து எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். தோல் துண்டுகளுக்குப் பசை தடவுவது என் வேலை. சேரும்போது ஆதார் கேட்டார்கள். ஆதாரில் அம்மா வீட்டு விலாசமும் அப்பா பெயரும் இருந்தன. குடும்பத்தில் யார் யார் என்று கேட்டதற்கு அம்மா என்று சொன்னேன். கார்டில் இருப்பதைத்தானே சொல்ல முடியும், மாற்றிச் சொன்னால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். அதற்குப் பிறகு மாதா மாதம் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்று பிடித்தார்கள். அது எதற்கு என்று நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

அவர் டிராக்டர் ஓட்டுபவர். கரும்பு சீசனில் ஆலைக்கு லோடு அடிப்பார். போன வருஷம் கால் வீங்கியது. வாயு என்று ஒருத்தர் சொன்னார், சூடு என்று ஒருத்தர் சொன்னார். கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்து பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே இலவசம்தான். ஆனால் மெஷினைவிட ஆட்கள் அதிகம். உயிர் போகிற நேரத்தில் போட்டார்கள். அதைத் தாண்டிய பிறகு, பெயர் எழுதிவிட்டுப் போங்கள், இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்றார்கள். அங்கே இடம் எப்படிக் காலியாகும் என்று அதைச் சொன்ன நர்ஸுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதுவரை தனியார் ஆஸ்பத்திரியில் செய்தோம். மாடு போனது, என் தோடு போனது. கம்பெனியில் பக்கத்து டேபிளில் வேலை செய்யும் அக்கா ஒரு நாள் என் வெறும் காதைப் பார்த்துவிட்டுக் கேட்டது.

“ஏன்டி, ஒனக்குத்தான் இ.எஸ்.ஐ. கீதே. வூட்டுக்காரர அதுல சேத்துவுட வேண்டியதுதான?”

“ஆம்பள வேல செஞ்சாதானக்கா பொண்டாட்டிக்கு வைத்தியம்?”

“எவ சொன்னா? சம்பளம் ஒன்னுது, புடிக்கிற காசு ஒன்னுது. புருஷனுக்கும் உண்டு. போய்க் கேளு.”

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். படுத்திருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“பொண்டாட்டி கணக்குல நான் ஊசி போட்டுக்கணுமா?”

“இத்தினி நாளா பொண்டாட்டி கணக்குலதான சோறு துன்ன? ஊசிக்கு மட்டும் இன்னா ரோஷம்?”

சிரித்தார். நானும் சிரித்தேன். முடிந்துவிட்டது பிரச்சினை என்று நினைத்தேன். எனக்கு அப்போது இரண்டு காப்பீடு இருந்தது. கம்பெனியில் ஒன்று, அம்மா கார்டை வைத்துத் தமிழ்நாட்டு அரசாங்கம் கொடுத்தது ஒன்று. எனக்கு ஒரு காய்ச்சல்கூட வருவதில்லை. சாகக் கிடக்கிற மனுஷனுக்கு ஒன்றும் இல்லை. அவரை என் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தால் பிழைத்துக்கொள்வார், அவ்வளவுதான் விஷயம்.

கம்பெனி ஆபீஸில் இருந்த சார் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ஏம்மா, நீ சிங்கிள்னு இருக்கு இங்க.”

“தாலி போட்டுக்கினு எதிர்ல நிக்கறேன், பாருங்க சார்.”

“தாலிய அப்லோடு பண்ண முடியாதும்மா. மேரேஜ் சர்ட்டிபிகேட் கொண்டா.”

எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. எங்கள் பக்கம் யாரும் செய்யமாட்டார்கள். பதிவு செய்தால் பெண்ணின் பெயரைக் கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம்தான். சரி, இப்போதாவது செய்வோம் என்று லீவு போட்டுவிட்டு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன்.

“கல்யாணம் எங்க நடந்துது?”

“எங்கம்மா ஊரு கோயில்ல.”

“அது தமிழ்நாடும்மா. அங்க போய்ப் பதிவு பண்ணு.”

இன்னொரு நாள் லீவு போட்டு அந்தப் பக்கம் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனேன்.

“மாப்ள எந்த ஊரு?”

“பாண்டிச்சேரி.”

“இப்ப குடியிருக்கறது?”

“அதுவும் பாண்டிச்சேரிதான்.”

“அப்ப அங்க போவாம இங்க ஏன் வந்து நிக்கற?”

நான் அங்கேயே கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. வாட்ச்மேன் வந்து வெளியே போகச் சொன்னார். வாசலில் பத்திரம் எழுதுகிற ஒருத்தர்தான் கூப்பிட்டு உட்கார வைத்து, கோயிலில் கல்யாணம் நடந்தது என்று ஒரு கடிதம், கல்யாண போட்டோ, பத்திரிகை, சாட்சிக்கு ஆட்கள், எல்லாம் கொண்டுவந்தால் இங்கேயே பதிவு செய்யலாம் என்றார். எங்களுக்குத் தாலி எடுத்துக்கொடுத்த பூசாரி செத்துப்போய்விட்டார். அவர் மகன் சென்னையில் ஏதோ ஓட்டலில் வேலை செய்கிறான். அவன் திருவிழாவுக்கு வரும்வரை காத்திருந்து கடிதம் வாங்கினேன். அந்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று தடவை போட வேண்டியதை ஒரு தடவைதான் போட முடிந்தது. பாதி நாள் அவருக்கு உட்காரவே முடியவில்லை.

சாட்சிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன்.

“பதிஞ்சா ஒன் பேர எடுத்துடுவான்டி. என் அரிசி கொறைஞ்சிடும்” என்றது அம்மா.

“ஒம் மருமவன் செத்தா நானும் புள்ளைங்களும் ஒன் வூட்டுக்குத்தான் வருவோம். அப்ப எந்த அரிசியில பொங்குவ?”

பதிவு நாளில் அம்மா நல்ல புடவை கட்டி, எனக்கும் தனக்கும் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்து நின்றது. அவர் என் தலையைப் பார்த்துவிட்டு, “ரெண்டாவது கல்யாணமாச்சே, பந்தி எதுவும் போடலியா?” என்றார். ஆபீஸ் மாடியில் இருந்தது. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். ஏறி முடித்தபோது சர்வர் வேலை செய்யவில்லை, மத்தியானம் ஆகும் என்றார்கள். திரும்ப இறங்க முடியாமல் மாடி நடையிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். ஆட்கள் அவரைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள்.

கூப்பிட்டபோது ஆபீஸர் எங்கள் இரண்டு கார்டையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீ அம்மா கார்டுல இருக்க. இவர் கார்டுல இருக்கற பசங்க யாரு?”

“எனக்குப் பொறந்ததுங்க.”

“அதுக்கு என்ன ஆதாரம்?”

“வயித்த அறுத்துக் காட்டட்டா சார்?”

அம்மா என் தொடையில் கிள்ளியது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இருந்ததை எடுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்கினார். அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. மூத்தவள் அந்த வருஷம் பத்தாவது படித்தாள்.

சர்ட்டிபிகேட்டைக் கொடுத்த பிறகும் கம்பெனியில் அவர் பெயரை ஏற்றுவதற்கு நாளானது. எல்லாம் முடிந்து கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்கு மெஷின் ஒதுக்கினார்கள். பணம் கட்ட வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள், காலை நேரம். முதல் சில தடவை நான் கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஊசியை ஏற்றிவிட்டு நர்ஸ் நகர்ந்ததும் அவர் தூங்கிவிட்டார். மாதக்கணக்கில் அவர் அப்படி நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே ஆபீஸ் சார் கூப்பிட்டு அனுப்பினார்.

“நீ ஏற்கனவே நிறைய லீவு போட்டுட்டம்மா. அரை வருஷத்துல இத்தன நாள் வேலை செஞ்சிருந்தாதான் பெரிய வைத்தியத்துக்கு எலிஜிபிள். இதுக்கு மேல நாள் கொறைஞ்சா ஒன் புருஷனுக்கு நின்னுடும்.”

“அவர யாரு சார் கூட்டினு போறது?”

“அது ஒன் வூட்டு விஷயம்மா.”

தப்பாகச் சொல்லவில்லை. கோபப்பட்டு என்ன செய்வது. நான் வேலைக்குப் போனால்தான் அவருக்கு மெஷின். அவருடன் போனால் மெஷின் இல்லை. காப்பீடு வேண்டும் என்று அலைந்தபோது போட்ட லீவுதான் அந்தக் காப்பீட்டையே தின்றுகொண்டிருந்தது. அம்மாவுக்கு முட்டி போய்விட்டது, பஸ் ஏற முடியாது. மூத்தவள் ஸ்கூலை விட்டுவிட்டு நான் போகிறேன் என்றாள், அடிக்கப் போய்விட்டேன். அவர் தனியாகவே போகிறேன் என்றார்.

தனியாகப் போனார். போகும்போது பரவாயில்லை. போட்டுவிட்டு வரும்போதுதான் ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். கடலூரிலிருந்து வரும் பஸ் ஆற்றுப் பாலம் தாண்டி எல்லையில் நிற்கும். அங்கே இறங்கி எங்கள் ஊருக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். அந்த எல்லை எப்படிப்பட்ட இடம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாலம் இறங்கியதும் வரிசையாக சாராயக் கடையும் பிராந்திக் கடையும்தான். இங்கே விலை குறைவு என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்து குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடப்பார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது ஜன்னலோரம் இருந்த ஒருத்தி சொன்னாள்.

“பாருடி, விடியறதுக்குள்ள ஆரம்பிச்சிருப்பான் போல. இப்பவே மட்டை.”

“கையில கட்டு வேற. எங்கியோ வுழுந்து வாரியிருக்கான்” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். அவர் சட்டை. அவர் செருப்பு.

பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினேன். கண் திறந்துதான் இருந்தது. மத்தியானத்திலிருந்து அங்கே கிடந்திருக்கிறார். வாயெல்லாம் மண். எதிரே கடை வைத்திருந்த ஆள் சோடா எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

“குடிச்சிட்டு வுழுந்தவருன்னு நெனச்சேம்மா. டெய்லி வுழறானுங்க. யார யாரன்னு தூக்கறது?”

கடைக்காரரை ஒன்றும் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களையும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அது என் புருஷன் இல்லை என்றால் நானும்தான் சிரித்திருப்பேன்.

ஆட்டோவில் வரும்போது அவர் மெதுவாகச் சொன்னார். “தண்ணி குடுங்கன்னு கேட்டேன்டி ஒருத்தன. போட்டது பத்தலியான்னு கேட்டுட்டுப் போறான்.”

அவர் ஒரு நாளும் குடித்தவர் இல்லை.

அடுத்த தடவை பக்கத்து வீட்டுத் தம்பி கூடப் போனான். அதற்கடுத்த தடவை அவனுக்கு வேலை. தனியாகப் போகிறேன், ஒன்றும் ஆகாது, கண்டக்டர் பழக்கமாகிவிட்டார் என்று அவரே சொன்னார். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய முடியும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சோறு போடும்போது அவர் தட்டுக்குக் கையை நீட்டினார். அன்று மெஷின் நாள். கையில் கட்டு இல்லை. ஊசி போட்ட இடத்தில் புதுசாக ஒரு புள்ளிகூட இல்லை. கால் மறுபடியும் கம்பம் மாதிரி வீங்கியிருந்தது.

“போனியா?” என்று கேட்டேன்.

“போனேன்” என்றார்.

அதற்கு மேல் கேட்கவில்லை. போகவில்லை என்று சொன்னால் நான் லீவு போட வேண்டும். போட்டால் எல்லாம் போய்விடும். அது அவருக்கும் தெரியும். இப்போது ஒவ்வொரு மெஷின் நாளும் அவர் போனேன் என்கிறார், நான் சரி என்கிறேன். மூத்தவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

காலையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும்போது அவர் சட்டை போட்டு, தலை வாரி, கிளம்புகிற மாதிரி வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் பார்க்காத மாதிரி ஏறிப் போய்விடுவேன். இந்த மாதம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. காப்பீடு அப்படியே இருக்கிறது.