எல்லாரும் நலம் என்று சொல்லிக்கொடுத்தேன்

மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், மலேசியாவின் ஜொகூரில், எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்துக்கு வெளியே ஒற்றை மேசை போட்டு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு விற்க ஆரம்பித்தவள் நான். இன்றைக்கு எனக்கு இரண்டு வேன், என்னிடம் ஆறு பெண்கள் வேலை. குளுவாங்கிலிருந்து பெர்மாஸ் ஜெயா வரைக்கும் கல்யாண வீட்டில் மட்டன் பெரட்டல் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் என் கைதான். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. படிக்க வேண்டியதை மூன்றே வருஷத்தில் முடித்துவிட்ட கெட்டிக்காரி என்று நானே சொல்லிக்கொள்வேன். ஊரில் எந்தக் காரியம் என்றாலும் என் வீட்டு வாசலுக்கு வராமல் போகாது.

அப்படித்தான் கோயில் தலைவர் அந்தப் பெண்ணை என்னிடம் அனுப்பிவைத்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும், நம் தமிழ்ப் பெண்தான். சின்ன வயதிலிருந்து வயதான காலம் வரை பெண்களின் உடம்பு எப்படி இருக்கிறது, வீட்டில் நோயாளியை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அப்படிப் பார்த்துக்கொள்கிறவளின் உடம்பை யார் பார்க்கிறார்கள், ஒரே நோய் வந்தாலும் ஒருத்தி உடனே டாக்டரிடம் போகிறாள், இன்னொருத்தி ஏன் முற்றிய பிறகு போகிறாள் என்றெல்லாம் கேட்டு எழுதப் போகிறாளாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

“இருபது பொம்பளைங்க வேணுமா? வர்ற சனிக்கிழமை வாம்மா. எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப்பில் எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்கள் குழுவுக்குக் குரல் பதிவு போட்டேன். எனக்கு எழுதுவதைவிடப் பேசுவது சுலபம்.

“யுனிவர்சிட்டிலருந்து வராங்க. வீட்டக் கூட்டி வைங்க, நல்ல சேலையா கட்டுங்க. நோவு நொடின்னு மூக்கச் சிந்திக்கிட்டு நிக்காதீங்க. நம்ம ஊரு பேரு புத்தகத்துல வரப்போவுது, மானத்த வாங்கிடாதீங்க லா.”

வெளியாள் வருகிறார் என்றால் அழுக்குத் துணியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவோம் இல்லையா, அந்த மாதிரிதான் செய்தேன். அன்று உள்ளே தள்ளியது என்ன என்று பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னாள். “நான் என்ன வேத்தாளா?” என்று சிரித்துக்கொண்டே எல்லா வீட்டிலும் முதல் ஆளாக நான் போய் உட்கார்ந்துகொண்டேன். எல்லாரும் நவராத்திரிக்கு வந்தவர்கள் மாதிரி பட்டுச் சேலையில் இருந்தார்கள். முதல் வீட்டில் முறுக்கும் தேநீரும், இரண்டாவது வீட்டில் கேசரியும் தேநீரும். இனிப்பு நீர் நோய் இருக்கிறதா என்று கேட்டால், “ஆண்டவன் புண்ணியத்துல ஒன்னும் இல்லை.” முட்டி வலி? ஒன்றும் இல்லை. தூக்கம்? நல்லாத் தூங்குகிறோம். யாராவது தயங்கினால் நானே எடுத்துக்கொடுத்தேன். நாலாவது வீட்டில் அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, இந்த ஊருல யாருக்குமே ஒன்னுமே இல்லையா?”

“உழைச்ச ஒடம்புமா!” என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

ஐந்தாவது, என் சமையல்கட்டில் பதினேழு வருஷமாக வேலை செய்கிறவளின் வீடு. என் வலது கை என்றால் அவள்தான். ஐம்பத்திரண்டு வயது. கணவர் சிங்கப்பூரில் வேலை, வாரத்துக்கு ஒரு தரம் வந்து போவார். இடுப்பெலும்பு முறிந்து நாலு வருஷமாகப் படுக்கையில் இருக்கும் மாமியாரை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வீடு என் சமையல்கட்டுக்குப் பின்னாலேயே இருப்பதால் வேலைக்கு நடுவில் மூன்று தரம் ஓடிப்போய் வருவாள். “பூனை மாதிரி எங்கடி போற?” என்று நான் கேலி செய்வேன்.

வீட்டில் பெரியவர்கள், முடியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். இவள் என் முகத்தைப் பார்த்தாள். “அப்படியெல்லாம் சிரமம் ஒன்னும் இல்லம்மா, இவ இரும்பு” என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் பின்னறைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

“ஏண்டி! இன்னும் எவ்ளோ நேரம்டி நான் செத்தவ மாதிரி கெடக்கணும்? தண்ணி குடுங்கடி!”

அலமாக்! அந்த ஆராய்ச்சிப் பெண் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். இவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் காது சூடாகிவிட்டது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கோபப்படாமல்தான் சொன்னாள், இன்று எழுதியது எதுவும் உதவாது, அடுத்த வாரம் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்க்கிறேன் என்று. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க உதவி வேணும் ஆன்ட்டி. அவங்க எங்கிட்ட பேசறப்போ பாட்டிய நீங்க பாத்துக்கிறீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. ஆயிரத்தைந்நூறு பேர் பந்தியை ஒற்றை ஆளாக நடத்துகிறவளைக் கிழவிக்குக் காவல் இருக்கச் சொல்கிறாள் பாருங்கள். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு, இதெல்லாம் எனக்கு ஒரு பெரிய வேலையா என்று, சொன்ன நாளில் அவள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

முன் அறையில் அவர்கள் இருவரும். பின்னறையில் நானும் கிழவியும். கிழவிக்கு எண்பத்தாறு வயது. இடுப்புக்குக் கீழேதான் முடியாது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

“வா தவுக்கேம்மா” என்று வரவேற்றது. முதலாளியம்மா என்று என்னைக் கிண்டல் பண்ணுகிறதாம். “கஞ்சி ஆறிப்போச்சி, ஊட்டு.”

முதல் கரண்டி மோவாயில் வழிந்தது. இரண்டாவது கழுத்துக்குள் போனது. மூன்றாவதில் அதற்குப் புரையேறி, நான் பயந்துபோய் முதுகில் தட்ட, கிண்ணம் என் சேலையில் கவிழ்ந்தது.

“ஊருக்கே சோறு போடறியாம். எனக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டத் தெரியல. மொதல்ல தலையணைய உசத்தணும்டி!”

உயர்த்தினேன். பிறகு ஒருக்களித்துத் திருப்பிவிடச் சொன்னது. ஐம்பது கிலோ அரிசி மூட்டையை அசால்ட்டாக நகர்த்துகிறவள் நான். மூட்டைக்கு வலிக்காது, இதற்கு வலிக்குமே. எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. தோளைப் பிடித்தால் கத்தியது, இடுப்பைப் பிடித்தால் என் தாத்தா வரைக்கும் திட்டியது. கால் மணி நேரத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. இதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் செய்கிறாள் என்று கேட்டேன். எண்ணி யார் பார்த்தார்கள் என்றது கிழவி.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது. “அவ நெஞ்சுல கட்டி இருக்கறது ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

ஏழு மாதத்துக்கு முன், ரத்தக் கொதிப்பு மருந்து வாங்க கிளினிக்குக்குப் போனபோது பார்த்துச் சொன்னார்களாம். படம் எடுத்துப் பார்க்கச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் நாளும் கொடுத்திருக்கிறார்கள். இவள் போகவில்லை. கடிதம் துணி அலமாரியில் இருக்கிறது. கணவருக்குக்கூடத் தெரியாது.

“ஒங்கிட்ட மட்டும் ஏன் சொன்னா?” என்று கேட்டேன்.

“எனக்குத்தான் எந்திரிச்சிப் போயி யாருகிட்டயும் சொல்ல முடியாதே!” என்றது கிழவி. சிரித்தபடிதான் சொன்னது, ஆனால் கண் கலங்கியிருந்தது. “அவ போயிட்டா எனக்கு யாரு இருக்கா? ஆஸ்பத்திரிக்கு அவள ஒரு வியாழக்கெழம வரச் சொன்னாங்க. நீதான் லீவு குடுக்கல.”

அந்த வியாழக்கிழமை எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் வெள்ளிக்கிழமை குளுவாங்கில் பெரிய கல்யாணம். முதல் நாள் முழுக்க வெங்காயம் உரிக்கிற, கறி வெட்டுகிற வேலை. அதற்கு முந்தின வாரம் இவள் வந்து, “அக்கா, வியாழக்கெழம லீவு வேணும்” என்றாள். “தலையே போனாலும் அன்னிக்கு வந்துட்டுப் போகட்டும்!” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்து, “சும்மாதான் கேட்டேன்க்கா” என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதினேழு வருஷத்தில் அவள் கேட்ட நாலோ ஐந்தோ லீவில் அது ஒன்று. அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

உடனே முன் அறைக்குப் போய், ‘ஏண்டி எங்கிட்ட சொல்லல’ என்று கத்த வேண்டும் போல எழுந்தேன். கிழவி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையில் அவ்வளவு பலம்.

“இருடி. அவ பேசட்டும். இவ்ளோ நேரம் அவ யாருகிட்டயும் பேசி நான் கேட்டதில்ல.”

உட்கார்ந்தேன். என்ன பேசுகிறாள் என்று காதில் விழவில்லை. குரல் மட்டும் கேட்டது. சில நேரம் வேகமாக, சில நேரம் நின்று நின்று. ஒரு தரம் அழுகை, உடனே ஒரு சிரிப்பு. என் எதிரில் அவள் அந்த மாதிரி பேசியதே இல்லை. வெளியே மழை வேறு. கிழவி என் முந்தானையை விடவே இல்லை. நானும் அந்த ஒன்றரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. என் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஆராய்ச்சிப் பெண் போன பிறகு இவளிடம் சொன்னேன். “நாளக்கி நான் இங்க வந்து ஒக்காந்துக்கறேன். நீ போயி புதுசா நாள் வாங்கிட்டு வா.”

“என்ன நாள்க்கா? ஒன்னும் இல்லையே...” என்றவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “கெழவி சொல்லிடுச்சா?”

“ஆமாண்டி, சொல்லிட்டேன்!” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

“நாளக்கி பாலோவுல எண்பது பேருக்குச் சாப்பாடு இருக்குக்கா.”

“அத யாராச்சும் கிண்டுவாங்க. என்ன ஆனாலும் நீ அங்க போறதில்ல.”

என்னை மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த வார்த்தை எனக்குப் பழக்கமில்லை. அவள் என் ஈரச் சேலையைப் பார்த்து, “கஞ்சியாக்கா?” என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். துடைக்கத் துண்டு கொடுத்தாள். அதிலேயே எல்லாம் முடிந்தது.

அதற்கு அடுத்த வாரங்கள் லேசாக இல்லை. படம் எடுத்தார்கள், ஊசி வைத்துச் சதையெடுத்துப் பார்த்தார்கள். முடிவு வர வேண்டிய நாளில் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், நாற்பது வருஷத்தில் அது முதல் தடவை. கெட்ட கட்டிதான். ஆனால் சின்னது, வேறெங்கும் பரவவில்லை, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னாராம். அறுவை சிகிச்சை, பிறகு ஜொகூர் பாருவுக்குப் போய்வந்து கதிர்ச் சிகிச்சை. கணவர் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனார். அவள் போன நாளெல்லாம் கிழவிக்கு நான்தான். டயப்பர் மாற்றினேன், திருப்பிப் படுக்கவைத்தேன். ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். இப்போது எங்கள் தாமானில் அதை என்னைவிடச் சுத்தமாகச் செய்ய ஆள் கிடையாது. கிழவியே ஒத்துக்கொண்டது, “பரவால்ல, மருமவளுக்கு அடுத்தாப்ல நீதான்” என்று.

இதற்கு நடுவில் குழுவுக்கு இரண்டாவது குரல் பதிவும் போட்டேன். போன தடவை சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள், இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள் என்று. பழைய சேலையில் இருபது பேரும் பேசினார்கள். கடைசியாக என்னையும் அந்தப் பெண் உட்காரவைத்தாள். முதன்முதலில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது எந்த வயதில் என்று கேட்டாள். எட்டு வயது என்றேன். தம்பிக்குத் தோட்டத்தில் குழந்தைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகை ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா ரப்பர் பால்மரம் வெட்டப் போக வேண்டும், அதனால் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அடுத்துக் கேட்டாள். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள், அதற்கு மட்டும் தேநீர் போடுகிறேன் என்று எழுந்துபோய்விட்டேன். அடுத்த மாதம் நானும் போய் மார்புப் படம் எடுத்துக்கொண்டேன். கூட வந்தவள் யார் என்று நினைக்கிறீர்கள்? அவள்தான்.

இன்று அவள் நன்றாக இருக்கிறாள், சமையல்கட்டில் என் முகத்துக்கு நேராகவே, “புளி ஜாஸ்திக்கா” என்கிறாள். நான் சமைத்த பந்திகளைப் பற்றி இன்னமும் பெருமையடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதை விட முடியாது. ஆனால் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம், ஒரு மழை நாளில் ஒரு பெண் பேசி முடிக்கிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.